காட்டுப் பாதைக்கு ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ்: எதை எடுப்பது?

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. தினசரி ஓட்ட வேறு வண்டி இருக்கிறது. விடுமுறை நாளில் சேறு, பாறை, மணல், ஓடை என்று இறங்கி ஓட்ட ஒரு ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். இப்படிக் கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: பழசாக வாங்குங்கள், எடை குறைந்ததாக வாங்குங்கள், யாரும் கை வைத்து மாற்றாததாக வாங்குங்கள். எந்த வண்டி என்பது அதற்கு அப்புறம் வருகிற கேள்வி. அதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள் என்பதால், பழைய வண்டிச் சந்தையில் அடிக்கடி கண்ணில் படுகிற சுஸுகி எஸ்ஜே, லாடா நிவா, ஜீப் செரோக்கி, லேண்ட் ரோவர் டிஸ்கவரி, டொயோட்டா லேண்ட் குரூஸர் ஆகிய ஐந்தையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

புதுசை ஏன் வேண்டாம் என்கிறேன்

புது எஸ்யூவியைக் கரடுமுரடான ஏற்றத்தில் ஏற்றும்போது ஓட்டுபவரின் கவனம் பாதையில் இருக்காது, பம்பரில் இருக்கும். இரண்டு பக்கமும் முள் உரசும்போது வயிற்றைக் கலக்கும். பெயின்ட் கீறினால் ஒரு செலவு, அடியில் இருக்கிற பிளாஸ்டிக் கவசம் பிய்ந்தால் இன்னொரு செலவு, பம்பருக்குள் இருக்கிற சென்சார் போனால் அது தனி. மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை வைத்து விளையாட மனசு வராது. முப்பது வருடப் பழைய வண்டியில் இந்தப் பயம் இல்லை. கதவில் ஏற்கெனவே நாலு கீறல் இருக்கும், ஐந்தாவது விழுந்தால் யாருக்கும் தெரியாது. பயம் போனதும் ஓட்டுகிற விதமே மாறிவிடும். சக்கரத்தை எங்கே வைத்தால் ஏறும், எந்தப் பக்கம் சாய்ந்தால் அடி இடிக்காது என்று முயன்று பார்க்கிற துணிவு வரும். கரடுமுரடான பாதையில் ஓட்டக் கற்றுக்கொள்வதே அப்படி முயன்று பார்ப்பதில்தான்.

விலையும் ஒரு காரணம். புது வண்டியின் மதிப்பு முதல் சில வருடங்களில் மளமளவென்று இறங்கும். பழைய வண்டியில் அந்த நஷ்டத்தை முந்தைய உரிமையாளர்கள் தாங்கி முடித்திருப்பார்கள். நன்றாகப் பராமரித்தால், சில வருடம் ஓட்டிவிட்டு வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே விற்கவும் வாய்ப்பு உண்டு. நடுவில் செய்த ரிப்பேர் செலவு திரும்பி வராது, அதைத் தனிக் கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முக்கியமான காரணம் வேறு. 1980களிலும் 90களிலும் வந்த இந்த வண்டிகளில் என்ன நடக்கிறது என்பதைக் குனிந்து பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கும். எஸ்ஜே மாதிரி வண்டிகளில் அதன் தலையில் 2 ஹெச் (இரண்டு சக்கர ஓட்டம்), 4 ஹெச் (நாலு சக்கர ஓட்டம்), என் (நியூட்ரல்), 4 எல் (நாலு சக்கரம், லோ ரேஞ்ச் என்கிற மெதுவான பல்சக்கரங்களோடு) என்று எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை முழுசாக அழுத்தி, அந்த லீவரை நியூட்ரல் தாண்டி 4 எல்லுக்குத் தள்ளினால் தரைக்குக் கீழிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். ஆள் நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக, கல்லின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும் வண்டி. எஞ்சின் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பல்சக்கரங்கள் அதன் இழுவையைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. இந்த லோ ரேஞ்ச் இல்லாத வண்டியை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பேட்ஜில் என்ன எழுதியிருந்தாலும் சரி, லோ ரேஞ்ச் இல்லையென்றால் செங்குத்தான இறக்கத்தில் முழுக்க பிரேக்கை நம்பியே இறங்க வேண்டியிருக்கும், ஏற்றத்தில் கிளட்ச் தீய்ந்துபோகும்.

ஒரு விஷயத்தில் புது வண்டிதான் மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக்ஸிலின் இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கே சுழற்சியை விடும். பள்ளமும் மேடும் குறுக்கே வந்து முன் சக்கரம் ஒன்றும் எதிர்மூலையில் பின் சக்கரம் ஒன்றும் அந்தரத்தில் நின்றால், அந்த இரண்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும், தரையில் இருக்கிற இரண்டும் சும்மா இருக்கும். புது வண்டியில் சுற்றுகிற சக்கரத்தைக் கணினியே பிரேக் பிடித்து நிறுத்தி மற்றதற்கு இழுவையைத் திருப்பிவிடும். பழைய வண்டியில் இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, ஓரளவு அதே வேலையை நாமே செய்ய வேண்டும். அல்லது இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி டிஃபரன்ஷியலைப் பூட்டுகிற டிஃப் லாக் போட வேண்டும். ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் பழையதில் பெரும்பாலும் இருக்காது. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் நிறைய ஓட வேண்டும் என்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுஸுகி எஸ்ஜே: என் முதல் தேர்வு

1981ல் எஸ்ஜே 410 வந்தது. 970 சிசி எஞ்சின், 45 குதிரைத்திறன் அளவு. பிறகு 1.3 லிட்டர் எஞ்சினோடு எஸ்ஜே 413. அமெரிக்காவில் சமுராய், இந்தியாவில் ஜிப்சி என்று ஊருக்கு ஒரு பெயரில் ஓடிய வண்டி. பெயர் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான்: ஏணி மாதிரி சேஸிஸ், முன்னாலும் பின்னாலும் நேர் ஆக்ஸில் (இடது, வலது சக்கரங்களை ஒன்றாகப் பிணைக்கிற ஒரே தண்டு), நாலு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங் (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்), எடை ஏறத்தாழ ஒரு டன்.

அந்த எடைதான் எல்லாம். இரண்டு டன் வண்டி ஆக்ஸில் வரை புதைகிற சேற்றில் சுஸுகி மேலாகவே உருண்டு போய்விடும். மாட்டிக்கொண்டாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் வெளியே வந்துவிடும். கனமான வண்டி மாட்டினால் கயிற்றைச் சுருட்டி இழுக்கிற வின்ச் வேண்டும், இன்னொரு கனமான வண்டி வேண்டும், கூடவே அரை நாள் வேண்டும். எடை குறைவு என்பதால் டயர், பிரேக், ஆக்ஸில், கிளட்ச் எல்லாவற்றுக்கும் சுமை குறைவு, உடைவதும் குறைவு. சிறிய டயரே போதும் என்பதால் செலவும் குறைகிறது. அகலம் குறைவாக இருப்பதால் இரண்டு மரங்களுக்கு நடுவே, பெரிய வண்டிகள் நின்று யோசிக்கிற இடத்தில், இது நுழைந்து போய்விடும்.

சிரமங்களும் உண்டு. சாலையில் இதை ஓட்டுவது களைப்பான வேலை. காற்றடித்தால் அசையும், லீஃப் ஸ்பிரிங் ஒவ்வொரு குழியையும் முதுகுக்குச் சொல்லும், மேட்டில் லாரிக்குப் பின்னாலேயே போக வேண்டியிருக்கும். இன்னொன்று முக்கியமானது: குட்டையான, குறுகலான, உயரமான வண்டி. 1988ல் அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று சமுராய் சுலபமாகக் கவிழும் என்று எழுதியதும், அதை எதிர்த்து சுஸுகி தொடுத்த வழக்கு 2004ல் சமரசத்தில் முடிந்ததும் பழைய கதை. அந்தச் சோதனை சரியா தவறா என்பது இருக்கட்டும், சரிவில் பக்கவாட்டாகப் போகும்போது மிகுந்த ஜாக்கிரதை தேவை. ஸ்பிரிங்கை உயர்த்தி உயர்த்தி ஏணி போல் ஆக்கிய சமுராயை யாராவது விற்க வந்தால் தள்ளி நில்லுங்கள். சரிவுகளுக்கு அது சரியான வண்டி இல்லை.

தொழிற்சாலையிலிருந்து வந்த லோ ரேஞ்ச் கொஞ்சம் வேகமானது. சமுராயில் அதன் பல்சக்கர விகிதம் 2.27 (இந்த எண் கூடக் கூட வண்டி இன்னும் மெதுவாக, வலுவாக நகரும்). பாறைகளில் ஊர்ந்து போக இன்னும் மெதுவாக வேண்டும் என்று தோன்றும். நல்ல வேளையாக லோ ரேஞ்ச் பல்சக்கரங்கள் இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனிப் பெட்டியாகத் தொங்குகிறது. கழற்றுவது சுலபம், 4.16 போன்ற விகிதங்களில் மாற்றுப் பல்சக்கரங்களும் கிடைக்கின்றன. இந்த வண்டியில் செய்யத் தகுந்த முதல் பெரிய மாற்றம் அதுதான், பெரிய டயர் அதற்கு அப்புறம்தான்.

இதே நிறுவனத்தின் விட்டாரா 1988ல் வந்தது. சாலையில் எஸ்ஜேயைவிட நல்ல ஓட்டம், காயில் ஸ்பிரிங், லோ ரேஞ்சும் உண்டு. முன் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்பு என்பதால் பள்ளத்தில் சக்கரம் சீக்கிரம் அந்தரத்தில் நிற்கும். முன் டிஃபரன்ஷியலின் அலுமினிய உறை முரட்டுத்தனத்தைத் தாங்காது. மண் பாதைகளோடு நிறுத்திக்கொள்பவருக்கு நல்ல தேர்வு.

லாடா நிவா

1977ல் தொடங்கிய வண்டி, இன்னும் தயாராகிறது. மற்ற சின்ன வண்டிகளிடம் இல்லாத ஒன்று இதில் உண்டு: நாலு சக்கரங்களும் எப்போதும் ஓடும், நடுவில் பூட்டக்கூடிய டிஃபரன்ஷியல், கூடவே லோ ரேஞ்ச். எஸ்ஜேயில் ஃபோர் வீல் போட்டுக்கொண்டு காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது. முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் திருப்பத்தில் வெவ்வேறு தூரம் போக வேண்டியிருப்பதால் நடுவில் இருக்கிற பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். நிவாவில் அந்தக் கவலை இல்லை, மழையில் நனைந்த சாலையிலும் நாலு சக்கர இழுவை கிடைக்கும். 2.2 மீட்டர் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்), 1,200 கிலோ சுமார் எடை, காயில் ஸ்பிரிங். பனியிலும் சேற்றிலும் இது காட்டுகிற திறமைக்கு எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். துரு பிடித்தால் வண்டியின் எலும்பே போகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் சரியாகப் பொருந்தாமல் அதிர்கிற புகார் இந்த வண்டியோடு கூடவே வருவது. உதிரிபாகம் மலிவு, ஆனால் அது கிடைக்கிற நாட்டில் நீங்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே

பாதை தூரத்தில் இருக்கிறதா? இரண்டு மூன்று மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போய், அங்கே இறங்கி விளையாடி, அதே வண்டியில் திரும்ப வேண்டுமா? அப்படியென்றால் என் முதல் தேர்வை மாற்றிக்கொண்டு இதைச் சொல்வேன்.

எக்ஸ்ஜே என்பது 1984 முதல் 2001 வரை வந்த செரோக்கி. 1987லிருந்து கிடைத்த 4.0 லிட்டர், நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் இதன் உயிர். குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை, ஆயில் மாற்றிக்கொண்டே இருந்தால் மிக நீண்ட ஆயுள். முன்னால் காயில், பின்னால் லீஃப், இரண்டு பக்கமும் நேர் ஆக்ஸில். லோ ரேஞ்ச் 2.72. ஏறத்தாழ ஒன்றரை டன் எடைக்கு இந்த எஞ்சின் இருப்பதால் சாலையிலும் தயங்காது, ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் சாமானும் போடலாம். எஸ்ஜேயில் வந்த குடும்பத்தினர் அடுத்த முறை வர மறுப்பார்கள். செரோக்கியில் வருவார்கள். விலைக்குக் கிடைக்கிற பயனை வைத்துப் பார்த்தால் இதை மிஞ்சுவது கஷ்டம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சிலவற்றைக் குறிப்பாகச் சொல்கிறேன். 2000, 2001 மாடல்களில் 0331 என்ற எண் வார்க்கப்பட்ட சிலிண்டர் ஹெட் விரிசல் விடுவதற்குப் பேர் போனது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் கலந்த காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் கூலன்ட் ஆயிலோடு கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பின் ஆக்ஸிலும் முக்கியம்: டானா 35 என்ற வகை பலவீனமானது, கிரைஸ்லர் 8.25 நல்லது. பின்னாலிருந்து குனிந்து டிஃபரன்ஷியல் மூடியைப் பார்த்தால், முட்டை வடிவம் என்றால் டானா 35, வட்டமாகக் கீழ்ப்பக்கம் மட்டும் தட்டையாக இருந்தால் 8.25. பெரிய டயர் போடுகிற எண்ணம் இருந்தால் முதலாவதை வாங்காதீர்கள்.

இதுவும் பாடியே சேஸிஸாக இருக்கிற வண்டிதான். ஸ்டீயரிங் பெட்டி பிடித்திருக்கிற இடத்தில், பெரிய டயர் போட்டு முரட்டுத்தனமாக ஓட்டிய வண்டிகளில் விரிசல் விழும். கால் மிதியைத் தூக்கித் தரைத்தகட்டையும் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஏதாவது மேட்டில் ஏறியதும் முன்பக்கம் முழுக்க உதறத் தொடங்கினால் பெரும்பாலும் முன் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற டிராக் பார் என்ற கம்பியின் புஷ் தேய்ந்திருக்கும். சரிசெய்யக்கூடிய குறைதான், ஆனால் அதைச் சரிசெய்யாமல் விட்டவர் வேறு எதையெல்லாம் விட்டிருப்பார் என்று யோசியுங்கள்.

லேண்ட் ரோவர் டிஸ்கவரி

1989 முதல் 1998 வரை வந்த முதல் தலைமுறையைப் பற்றித்தான் பேசுகிறேன். திறமை என்று மட்டும் பார்த்தால் இந்தப் பட்டியலில் சுஸுகியையும் ஜீப்பையும் இது சுலபமாகத் தாண்டிவிடும். நீளமான காயில் ஸ்பிரிங், நேர் ஆக்ஸில்கள். பெரிய பள்ளத்திலும் சக்கரம் தரையைத் தேடிக் கீழே இறங்கும். எப்போதும் நாலு சக்கர ஓட்டம், நடு டிஃபரன்ஷியலைப் பூட்டலாம், லோ ரேஞ்ச் 3.32. 200 டிடிஐ, 300 டிடிஐ டீசல் எஞ்சின்கள், அதுவும் மேனுவல் கியர்பாக்ஸோடு வந்தவை, கணினியை நம்பாமல் ஓடுபவை. டீசலும் காற்றும் கிடைத்தால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். இத்தனை இருந்தும் சில இடங்களில் அடிமாட்டு விலைக்குப் போகும். காரணம் துரு.

இந்த வண்டியின் வெளித்தகடுகளில் பெரும்பகுதி அலுமினியம். உள்ளே தாங்குகிற கூடு இரும்பு. அதனால் வெளியே பார்க்கும்போது பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்துப் போயிருக்கும். விற்பவர் வண்டியைக் கழுவித் துடைத்துக் காட்டுவார். நீங்கள் நேராகப் பின்கதவைத் திறந்து சாமான் வைக்கிற இடத்தின் கம்பளத்தைத் தூக்குங்கள். ஈர வாசனை வருகிறதா பாருங்கள். தரைத்தகட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். நல்ல தகடு அசையாது, கெட்டது மொறுமொறுவென்று உள்ளே போகும், சில நேரம் கீழே தரை தெரியும். அப்புறம் பின்சக்கர வளைவின் உள்பக்கம், கதவுப் படிகளின் உள்பக்கம், பாடியை சேஸிஸோடு பிடிக்கிற இடங்கள், முன்னால் பானெட்டைத் திறந்தால் தெரிகிற உள் மட்கார்டுகள். சேஸிஸ் தாங்கியிருக்கும், பாடிதான் போகும். வெல்டிங் தெரிந்தவருக்கு இது வேலை, தெரியாதவருக்கு யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

300 டிடிஐயின் ஆரம்பகால எஞ்சின்களில் டைமிங் பெல்ட் ஓரம் தேய்கிற சிக்கல் இருந்தது, அதைச் சரிசெய்த ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: இதன் கை பிரேக் சக்கரங்களில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாமல் ஒரு சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால் கை பிரேக் பிடித்திருந்தும் வண்டி உருண்டுவிடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் இந்த வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

லேண்ட் குரூஸர் 80 பற்றிச் சுருக்கமாக

1990ல் வந்த 80 வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். முன்னாலும் பின்னாலும் டிஃப் லாக் தொழிற்சாலையிலிருந்தே கிடைத்த வண்டி, கண்டங்களைக் கடந்து போகத் தகுந்தது. ஆனால் எல்லோருக்கும் அது தெரியும், அதனால் நல்ல நிலையில் இருப்பது மலிவாகக் கிடைப்பதில்லை. மலிவாகக் கிடைத்தால் ஏதோ பெரிய வேலை காத்திருக்கிறது. இரண்டு டன்னுக்கு மேல் எடை, டயரிலிருந்து டீசல் வரை எல்லாம் அந்த அளவுக்கே. நிஸான் பேட்ரோல் ஒய் 60க்கும் இதுவே பொருந்தும். மாதக்கணக்கில் பாலைவனப் பயணம் போகிறவருக்கு இவை. ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறங்குபவருக்கு இவ்வளவு இரும்பு தேவையில்லை.

முடிவெடுக்க மூன்று கேள்வி

பாதை எவ்வளவு தூரம், கூட யார் வருகிறார்கள், ரிப்பேர் யார் செய்வது. இந்த மூன்றுக்கும் உண்மையான பதில் தெரிந்தால் வண்டி தானாகத் தெரிந்துவிடும். பக்கத்துப் பாதை, தனியாகவோ நண்பரோடோ என்றால் சுஸுகி. தூரம் அதிகம், குடும்பம் வருகிறது என்றால் செரோக்கி. வீட்டில் இடம் இருக்கிறது, வெல்டிங் மெஷின் இருக்கிறது, வண்டி வேலையே உங்களுக்குச் சந்தோஷம் என்றால் டிஸ்கவரி கொடுக்கிற அளவுக்கு வேறு எதுவும் கொடுக்காது.

நாலாவதாக ஒன்று, இந்த மூன்றையும் புரட்டிப் போடக்கூடியது: உங்கள் பக்கத்தில் எந்த வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்கிறது? ஒரு ஆக்ஸில் சீல் வர ஒரு மாதம் ஆகிற வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முற்றத்தில்தான் நிற்கும். சந்தேகம் வந்தால், உங்கள் பகுதியில் நிறைய ஓடுகிற வண்டியையே எடுங்கள், மற்ற எல்லா ஒப்பீட்டையும்விட அது பெரிய காரணம். அதை ஓட்டுகிறவர்களிடம் பழைய பாகங்கள் இருக்கும், எது எங்கே உடையும் என்று சொல்லவும் ஆள் இருக்கும்.

மாற்றியமைத்த வண்டியா, அப்படியே இருப்பதா?

பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், வின்ச், கூரை விளக்கு எல்லாம் போட்டுத் தயாராக நிற்கிற வண்டியைப் பார்த்தால் ஆசை வரும். பாகங்களின் விலையைத் தனித்தனியாகக் கூட்டினால் லாபம் போலவும் தெரியும். நான் அதை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். அந்த வேலையைச் செய்தவரின் கைத்திறன் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. பிரேக் குழாய் நீளம் போதுமா, ஸ்டீயரிங் கோணம் சரியா, வயரிங்கில் ஃபியூஸ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதைவிட, அந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதற்கு அந்த மாற்றங்களே சாட்சி. யாரோ வயதானவர் தோட்டத்துக்குப் போய்வர வைத்திருந்த, ஃபோர் வீல் லீவரையே தொடாத வண்டி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு பாதி முடிவு எடுக்கலாம். மீதிப் பாதி அடியில் படுத்துப் பார்த்த பிறகு.

படுத்துப் பார்க்கும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கட்டும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, லீஃப் ஸ்பிரிங் சேஸிஸில் மாட்டியிருக்கிற இடங்களிலும், சேஸிஸ் வளைந்து பின் ஆக்ஸிலுக்கு மேலே போகிற இடத்திலும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மந்தமாகக் கேட்டால் அங்கே இரும்பு மெலிந்திருக்கிறது. அடி முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அதைத் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பல நேரம் அது எதையோ பூசி மெழுகியது. டிஃபரன்ஷியல் ஆயிலில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் ஆழத் தண்ணீரில் இறக்கிவிட்டு ஆயில் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். லோ ரேஞ்ச்சைத் தார்ச்சாலையில் சோதிக்க வேண்டாம், மண் தரைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். லீவர் விழுந்தால் மட்டும் போதாது, முன் சக்கரம் உண்மையில் இழுக்கிறதா என்று ஒருவரை வெளியே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கிற ஹப் பூட்டு வேலை செய்யாமல், லீவர் மட்டும் அழகாக விழுகிற வண்டிகள் உண்டு.

வாங்கியதும் முதலில் எதற்குச் செலவு?

மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது கையில் இருக்கட்டும், பழைய வண்டி கட்டாயம் கேட்கும். எல்லா ஆயிலும், பெல்ட், ரேடியேட்டர் குழாய்கள், பிரேக் திரவம், பிரேக் குழாய்கள். இவை முடிந்த பிறகு டயர். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் வருடத்தின் 23ஆம் வாரம் செய்தது. டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேலான டயர் பாறையில் கிழியும், மாற்றிவிடுங்கள். சாலைக்கும் காட்டுப் பாதைக்கும் ஏற்ற நல்ல ஆல் டெரெய்ன் டயரும், ஒரு காற்றழுத்தமானியும், ஒரு சின்ன கம்ப்ரஸரும் செய்கிற வேலையை எந்த அலங்காரச் சாமானும் செய்யாது. சாலையில் 30 பிஎஸ்ஐ சுமாருக்கு இருக்கிற காற்றைப் பாதையில் இறங்கும் முன் 18க்குக் குறைத்தால் டயர் தரையில் பரந்து படியும், சேற்றிலும் கல்லிலும் பிடிப்பு கூடும், குலுங்கலும் குறையும். மணலில் 15 வரைகூடப் போகலாம், திருப்பங்களில் வேகம் மட்டும் வேண்டாம். திரும்பி வரும்போது சாலையைத் தொடும் முன் காற்றை ஏற்றிவிட வேண்டும்.

அடுத்தது முன்னாலும் பின்னாலும் சேஸிஸோடு போல்ட் போட்ட இழுவைக் கொக்கிகள், மாட்டிய வண்டியை இழுக்க ஒரு நல்ல பட்டை. டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் பட்டையைப் போட்டு இழுக்கவே கூடாது. அந்த உருண்டை உடைந்தால் தோட்டா மாதிரி பறக்கும், உயிர் போயிருக்கிறது. இழுக்கும்போது மற்றவர்கள் பட்டையின் நீளத்தைவிட அதிகத் தூரத்தில் பக்கவாட்டில் நிற்க வேண்டும், யாரும் பட்டையைத் தாண்டிப் போகக் கூடாது. முதல் சில முறை இன்னொரு வண்டியோடு சேர்ந்தே போங்கள், ஏற்கெனவே இருக்கிற தடத்தை விட்டு விலகாமல் ஓட்டுங்கள். ஓடையில் இறங்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். தண்ணீர் முழங்காலைத் தாண்டினால், எஞ்சின் காற்றிழுக்கிற வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பானெட்டைத் திறந்து பார்த்த பிறகே வண்டியை இறக்குங்கள்.